குளிர்நீரில் ஒரு கமரா

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுப் பழகியவன் நான். மேடையேற எனக்கு என்ன தகுதி என்று தயங்கியபோது, "கவிதையைப் பற்றிப் பேச எங்களில் பலர் இருக்கிறோம். நீங்கள் குளிர்கடலுக்குள் இறங்கிப் படம் பிடிக்கிறீர்கள். அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். அவருடைய சொல்லைத் தட்ட முடியாமல் இங்கே நிற்கிறேன்.

நம் மொழியில் கடலுக்குப் பெயர்கள் பல. ஆழி, பௌவம், பரவை, புணரி, முந்நீர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நெய்தல் என்று ஒரு திணையையே வகுத்தவர்கள் நாம். ஆயினும் நெய்தற் பாடல்களில் வருபவர் பெரும்பாலும் கரையில் நின்று கடலைப் பார்ப்பவர்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் மன்னார்க் கடலில் முத்தும் சங்கும் குளித்த நம் முன்னோர். அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கல்லின் பாரத்தோடு இறங்கினார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறு அசைந்தால் இழுத்தெடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. அந்தக் கயிறு மைத்துனன் கையில் இருக்க வேண்டும் என்று நம்மவர் சொல்வதுண்டு. தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதை அவன் மறக்கமாட்டான் அல்லவா? இந்தக் கயிற்றைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள்.

இன்று மூச்சை அடக்க வேண்டியதில்லை. 1943-இல் பிரான்சில் குஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கிய சுவாசக் கருவி, மனிதன் காற்றை முதுகில் சுமந்துகொண்டு நீரில் உலவ வழி செய்தது. நீருக்கடியில் படம் பிடிக்கும் ஆசை அதற்கும் முந்தியது. லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1893-இலேயே பனியுல்ஸ் கடற்கரையில் பாரமான பெட்டிக் கமராவை நீருக்குள் இறக்கிப் படமெடுத்தார். 2004-இல் வெளிவந்த முதல் கோப்ரோ கமரா, அலைச்சறுக்கு வீரர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வதற்கென்று செய்யப்பட்டது. அதுவும் படச்சுருளில் இயங்கியதுதான். இன்று அதன் வழிவந்தவை ஏறத்தாழ 150 கிராம் எடையில் உள்ளங்கைக்குள் அடங்குகின்றன. உரிய உறையில் இட்டால் 60 மீற்றர் ஆழம்வரை தாங்குகின்றன.

கருவி எளிதாகிவிட்டது. குளிர்நீர் எளிதாகிவிடவில்லை.

ஒஸ்லோ ஃபியோர்டில் நல்ல படம் கிடைப்பது கோடையில் அன்று, குளிர்காலத்தில்தான். வெயில் பெருகும்போது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் பெருகி, கடல் பச்சைக் கஞ்சி போலாகிவிடும். ஒளி குறைந்த மாதங்களில் அவை ஒடுங்க, நீர் தெளிகிறது. ஆனால் அப்போது நீரின் வெப்பநிலை மூன்று, நான்கு பாகைதான். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் உடலின் சூட்டைக் கொண்டுபோகும். ஆகவே நீர் புகாத உலர் உடை, அதனுள் கம்பளி, தலைக்கு மூடி, கைக்குத் தடித்த உறை எல்லாம் வேண்டும். இவ்வளவும் அணிந்தாலும் நாற்பது நிமிடத்தில் விரல்கள் சொற்கேளாமல் போகும்.

கமராவுக்கும் குளிர் உண்டு. குளிரில் பற்றரியின் உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகிறது. வீட்டில் ஒன்றரை மணி நேரம் உழைப்பது கடலில் பாதியிலேயே கண்ணை மூடிவிடும். ஆகவே இறங்கும் வரை அதை உடலோடு ஒட்டிய பையில் சூடாக வைத்திருப்பேன். அடுத்த தொல்லை புகைமூட்டம். சூடான அறையில் உறையை மூடினால் அந்த அறையின் ஈரம் உள்ளே சிறைப்படும். குளிர்நீர் பட்டதும் அது கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படியும். ஒரு பருவம் முழுவதும் நான் எடுத்த படங்கள் மூடுபனிக் காட்சிகளாகவே அமைந்தன. பின்னர், வெளியே உலர்ந்த குளிர்காற்றில் வைத்து உறையை மூடவும், உள்ளே ஈரம் உறிஞ்சும் தாளைச் செருகவும் கற்றுக்கொண்டேன். உறையின் வாயில் உள்ள றப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும். தொடுதிரை நீருக்குள் தொட்டாலும் கேட்காது. தடித்த கையுறையோடு எந்தப் பொத்தான் எங்கே என்று கரையிலேயே கண்ணை மூடிப் பழகிக்கொள்ள வேண்டும்.

நிறத்தின் கதை வேறு. நீர் முதலில் சிவப்பை விழுங்குகிறது. பத்து மீற்றர் ஆழத்தில் கையில் கீறல் பட்டால் குருதி பச்சையாகத் தெரியும். நிறத்தை மீட்க விளக்கு வேண்டும். அந்த விளக்கைக் கமராவை ஒட்டிப் பிடித்தால் நீரிலுள்ள துகள்களெல்லாம் ஒளிர்ந்து படத்தில் பனிமழை பெய்யும். ஆகவே கையை அகல நீட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். இக்கமராவின் வில்லை அகன்ற கோணம் உடையது. இரண்டு மீற்றர் தொலைவிலுள்ள மீன் அதில் புள்ளியாகிவிடும். பொருளுக்கு ஒரு முழத் தொலைவுக்குள் சென்று, மூச்சைச் சீராக்கி, அசையாது நிற்க வேண்டும். அப்படி நிற்கத் தெரியாதவன் கையில் எந்தக் கமராவும் பயனற்றது.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம், ட்ரோபாக் அருகே நானும் என் நோர்வேஜிய நண்பர் ஒருவரும் இறங்கினோம். அவர் என்னிலும் பத்து வயது மூத்தவர், எனக்கு இக்கலையைப் பழக்கியவர். நான் தேடிச் சென்றது ரொங்ன்கால் என்று இங்குள்ளோர் அழைக்கும் ஆண்மீனை. பருத்த, அழகற்ற மீன். பெண்மீன் முட்டையிட்டுவிட்டு ஆழ்கடலுக்குத் திரும்பிவிடும். ஆண்மீனோ வயிற்றில் உள்ள உறிஞ்சு தட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு, உணவையும் மறந்து, வாரக்கணக்கில் அந்த முட்டைகளைக் காக்கும். ஓயாமல் அவற்றின்மீது நீரை வீசிக்கொண்டிருக்கும். அந்தப் பருவத்தில் அதன் உடல் செம்மை பூத்திருக்கும்.

பதினான்கு மீற்றர் ஆழத்தில் அதைக் கண்டேன். விளக்கொளியில் அதன் செந்நிறம் எழுந்தது. கமராவின் சிறு திரையில் அதன் கண் அசைவதைப் பார்த்தபடி நெடுநேரம் கிடந்தேன். குமிழிகளின் இரைச்சல் மிகுந்தது. என் குமிழிகள்தாம் என்று எண்ணினேன். திடீரென்று ஒரு கை என் தோளை இறுகப் பற்றியது.

நண்பரின் ரெகுலேற்றர் உறைந்துவிட்டது. உருளையில் அடைபட்ட காற்று விரியும்போது கடுமையாகக் குளிரும். ஏற்கெனவே குளிர்ந்த நீரில் அது வால்வைப் பனியால் பிணைத்து, திறந்தபடியே நிறுத்திவிடும். காற்று நில்லாமல் கொட்டும். சில நிமிடங்களில் உருளை வெறுமையாகும். அவருக்கு என் உதிரி வாய்க்குழாயைக் கொடுத்தேன். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, விதிப்படி மெதுவாக மேலேறினோம். கரையில் அமர்ந்து அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மீன் நன்றாக வந்திருக்கிறதா?" அதில் கேலி இல்லை. அதனால்தான் அது என்னை அதிகம் சுட்டது.

அன்றிரவு வீட்டில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். மீன் நன்றாகவே வந்திருந்தது. அப்போதுதான் திரையின் வலது மேல் மூலையைக் கவனித்தேன். அங்கே ஒரு விளக்கொளி இடமும் வலமுமாக விரைந்து அசைந்துகொண்டிருந்தது. நீரடியில் அதற்கு 'ஆபத்து, உடனே கவனி' என்று பொருள். எண்ணிப் பார்த்தேன். பதினொரு வினாடிகள். அதன்பின் அவர் காத்திருக்காமல் தாமே என்னிடம் நீந்தி வந்திருக்கிறார்.

அன்பர்களே, அந்தப் பதினொரு வினாடிகளும் கமரா அதைக் கண்டது. நான் காணவில்லை. அந்த இரைச்சலையும் கமரா கேட்டது. நான் கேட்டும் கேளாதிருந்தேன். முட்டைகளை விட்டு அகலாத ஒரு மீனின் காவலைப் படமெடுத்துக்கொண்டிருந்த நான், என் காவலில் இருந்த மனிதரைக் கைவிட்டிருந்தேன். மன்னாரில் தோணியின் மேல் நின்ற அந்த மைத்துனனை நினைத்தேன். அவன் கையில் கயிறு இருந்தது. என் கையில் கமரா இருந்தது.

அதன்பின் சில விதிகளை எனக்கு நானே வகுத்துக்கொண்டேன். புதிய இடத்தில் முதல் முறை கமரா இல்லாமல் இறங்குவேன். ஒருவர் படமெடுக்கும்போது மற்றவர் எடுப்பதில்லை. நான்கு மூச்சுக்கு ஒருமுறை திரையிலிருந்து கண்ணை எடுத்து நண்பரைத் தேடுவேன். நீரில் மிதப்பைக் கட்டுப்படுத்தத் தேறாத புதியவர் எவராயினும், கமராவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்பேன். இவற்றைக் கடைப்பிடித்ததால் சில அரிய காட்சிகளை இழந்திருக்கிறேன். வருந்தவில்லை.

கவிஞர்களுக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்த அவையில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? நாமும் ஒருவகையில் பதிவு செய்பவர்கள்தாம். பிறர் துயரையும் ஊரின் அழிவையும் எழுத்தில் பிடிக்கிறோம். நன்றாக வந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அந்த வேளையில் நம் பக்கத்திலேயே ஒருவர் விளக்கை அசைத்துக்கொண்டிருக்கக்கூடும். அது நம் படைப்பின் மூலையில் பதிவாகியும் இருக்கலாம். நாம் பார்த்தோமா என்பதே கேள்வி.

என் உரையைத் தொடர்ந்து மூன்று நிமிடப் படம் ஒன்று இங்கே காட்டப்படும். அந்த ஆண்மீனை அதில் காண்பீர்கள். அந்தப் பதினொரு வினாடிகளை வெட்டிவிட்டால் படம் இன்னும் அழகாக இருக்கும் என்று நம் இளைஞர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆயினும் நான் வெட்டவில்லை. மீனைப் பாருங்கள். வலது மேல் மூலையையும் பாருங்கள்.