எடுத்த தண்ணியைத் திருப்பிக் கட்டுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"இயற்கையோடு இணைந்த வாழ்வு" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்காங்க. கேட்க அழகாத்தான் இருக்குது. ஆனால் நம்ம பகுதியில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஷூ கம்பெனியும் டேனரியும் இல்லையென்றால் இங்கே இருக்கிற பாதிப்பேர் வீட்டில் அடுப்பு எரியாது. அதே தோல் தொழிலின் கழிவால்தான் நம்ம கிணற்றுத் தண்ணி வாயில் வைக்க முடியாமல் போச்சு. சம்பளமும் அங்கேயிருந்துதான், சங்கடமும் அங்கேயிருந்துதான். இரண்டில் ஒன்றை மறைத்துப் பேசினால் அது உண்மையாக இருக்காது.

முதலில் நம்ம தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஆவாரஞ்செடி நமக்கெல்லாம் தெரியும். பூவைக் காயவைத்துச் சர்க்கரைக்குக் குடிக்கிறோம். அந்தச் செடியின் பட்டையில் ஒரு துவர்ப்பு இருக்கிறது. பூச்சியும் பூஞ்சையும் தன்னை அரிக்காமல் இருக்கச் செடியே செய்துவைத்துக்கொண்ட காவல் அது. அந்தத் துவர்ப்பைத் தோலில் ஏற்றினால் தோலும் அழுகாது என்று நம் முன்னோர் கண்டுபிடித்தார்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் இங்கேயிருந்து கப்பல் ஏறிச் சீமைக்குப் போனது. வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். மிஞ்சுகிற பட்டைச் சக்கை மக்கி எருவாகும். அதிலும் நாற்றம் இருந்தது, கழிவுத்தண்ணியும் இருந்தது. அது சுத்தமான தொழில் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மண்ணால் செரிக்க முடிந்த அளவில் இருந்தது.

1970-களில், பாதி பதனிட்ட தோலை அனுப்பாமல் முழுதாக முடித்த தோலாகவே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசின் கொள்கை மாறியது. தொழில் பெருகியது, வேலையும் பெருகியது. வாரக்கணக்கில் நடந்த வேலையை ஓரிரு நாளில் முடிக்கும் குரோமியம் உப்பு எங்கும் வந்தது. பச்சைத்தோல் கெடாமல் இருக்கப் போடுகிற சோற்றுப்பு வேறு. டேனரியில் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணியோடு வெளியே வரும். உப்பை எந்தப் புழுவும் தின்னாது, எந்தச் செடியும் குடித்துத் தீர்க்காது. மண்ணிலும் கிணற்றிலும் அப்படியே தங்கிவிடும்.

இதைத்தான் நான் முதல் பாடம் என்பேன். ஜவ்வாது மலைக் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே பெருக்குகிறவர் யாரும் இல்லை, குப்பைமேடும் இல்லை. விழுந்த இலை கரையானுக்குச் சாப்பாடு, கரையான் கரடிக்குச் சாப்பாடு. ஒருத்தர் கழித்தது இன்னொருத்தருக்கு உதவும். அப்படி யாருக்கும் உதவாத பொருளை நாம் மண்ணில் விட்டால் அது எங்கேயும் போகாது, நம்ம குடத்துக்கே திரும்பி வரும்.

அது திரும்பி வந்த கணக்கு கோர்ட்டிலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தத் தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிர் செய்ய லாயக்கற்றதாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. ஒரு கிலோ தோலை முடிக்க 35 லிட்டர் தண்ணி செலவாகிறது என்றும் இருக்கிறது. கெடுத்தவரே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டில் உறுதிப்பட்டது நம்ம ஊர் வழக்கில்தான். இன்றைக்கும் நாடு முழுக்க வக்கீல்கள் வேலூர் வழக்கு என்று எடுத்துக் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு கழிவுநீரைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இறுகியது. அப்படியும் தீரவில்லை. 2025 ஜனவரியில் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்தது.

அடுத்தது தண்ணியின் பாடம். பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33 கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மேலே வெறும் மணல்தான். ஆனால் அந்த மணலுக்கு அடியில் தண்ணி இருந்தது. ஆற்றில் ஊற்றுக்கால் வெட்டி, கசிகிற தண்ணியை வயலுக்குக் கொண்டுபோன ஊர்கள் இந்தக் கரையெல்லாம் உண்டு. மணல் என்பது ஆற்றின் சேமிப்புப் பெட்டி. வெயில் உறிஞ்சாமல் தண்ணியைப் பத்திரமாக வைத்திருக்கும். மணலை அள்ளினோம், பெட்டியே போச்சு. 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதை நாமெல்லாம் பார்த்தோம். அத்தனை தண்ணியில் நாம் பிடித்து வைத்தது எவ்வளவு?

ஏரிகளும் அப்படித்தான். மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்குக் கீழே. தண்ணி ஓடுகிற சரிவைப் பார்த்து, அது போகிற வழியிலேயே நிறுத்தி நிறுத்தி அனுப்பினார்கள். நடுவில் ஒரு கால்வாயை அடைத்தால் போதும், கீழே இருக்கிற அத்தனை ஏரியும் காயும்.

இதைப் புரிந்துகொண்டு செய்து காட்டியவர்கள் வேறு யாரும் இல்லை, நம்ம வேலூர் மாவட்டத்துப் பெண்கள்தான். ஜவ்வாது மலையில் பிறக்கிற நாகநதி பல வருஷமாக வறண்டு கிடந்தது. 2014-இல் வாழும் கலை அமைப்பு வழிகாட்ட, நூறு நாள் வேலையில் கணியம்பாடி பக்கத்துப் பெண்கள் இறங்கினார்கள். மலைச்சரிவு ஓடைகளில் குறுக்கே கல் அடுக்கினார்கள். ஓடிவருகிற தண்ணி கல்லில் முட்டி வேகம் குறைந்து, நின்று ஊறும். கீழே சமவெளியில் குழி தோண்டி, சிமெண்ட் உறை இறக்கி, கூழாங்கல் நிரப்பி, மழைத்தண்ணி நிலத்துக்குள் இறங்க உறைகிணறுகள் கட்டினார்கள். ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். வேலை செய்தவர்களும் ஆயிரக்கணக்கான பெண்கள். உறையைச் செய்ததும் அவர்கள், இறக்கியதும் அவர்கள். அடியில் நிலம் நிறைந்த பிறகுதான் மேலே ஆறு ஓடும். அப்படித்தான் நாகநதியில் மறுபடி தண்ணி வந்தது. 2021 செப்டம்பரில் உலக நதிகள் தினத்தன்று பிரதமர் தன் வானொலி உரையில் இந்தப் பெண்களைப் பாராட்டினார்.

சங்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் ரொம்பப் பேச வேண்டியதில்லை. மழை என்பது சேமிப்பு. நிலத்தடி நீர் நம்ம பொது நிதி. போர் போட்டு எடுப்பது கடன். சங்கத்தில் கடன் வாங்கினால் தவணை தவறாமல் கட்டுகிறோம். கட்டாதவர் வீட்டுக்கு ஐந்து பேராகப் போய் உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் பூமியில் எடுத்த கடனுக்கு யாராவது ஒரு தவணை கட்டினோமா? சேமிப்பே போடாமல் எல்லாரும் கடன் மட்டும் எடுத்தால் எந்தச் சங்கம் நிற்கும்?

அதனால் இன்றைக்கு இந்தக் கூட்டமைப்பின் முன் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, போர் போடக் கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால், கூடவே மழைநீர்க் குழி வெட்டவும் பணம் சேர்த்துக் கொடுப்போம். குழி இல்லாமல் போர்க்கடன் இல்லை என்று தீர்மானம் போடுவோம். 500 சதுர அடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 460 லிட்டர், அதாவது முப்பது குடம் தண்ணி. குழிக்குள் கூரைத்தண்ணி மட்டும்தான் போக வேண்டும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். சாக்கடைத் தண்ணியோ டேனரித் தண்ணியோ அந்தக் குழிக்குள் போய்விட்டால், ஊரையே கெடுத்தவர்கள் நாமாகிவிடுவோம்.

இரண்டு, ஷூ கம்பெனியில் வெட்டிப்போட்ட தோல் துண்டுகளை யாரும் வெந்நீர் அடுப்பில் எரிக்காதீர்கள். குரோம் போட்ட தோல் எரிந்தால் புகையும் விஷம், சாம்பலும் விஷம். தைக்கத் தெரிந்த கை நம்மிடம் இருக்கிறது. அந்தத் துண்டில் பர்ஸ், சாவிக்கொத்து செய்ய ஒரு குழு முன்வந்தால், சுழல் நிதியில் முதல் உரிமை அவர்களுக்குக் கொடுக்கலாம்.

மூன்று, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு ஊர் ஊராகக் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு குழுவும் போக வேண்டும். நம்ம ஏரிக்கு வருகிற கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த ஓடையில் என்ன நிறத்தில் தண்ணி போகிறது என்று முதல் வாரமே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதை மனுவாகக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

சிலருக்குப் பயம் இருக்கும். தண்ணியைப் பற்றிக் கேட்டால் கம்பெனியை மூடிவிடுவார்களோ, வேலை போய்விடுமோ என்று. நியாயமான பயம்தான், நானும் உங்களில் ஒருத்திதான். நாம் கேட்பது மூடச் சொல்லி இல்லை. மண்ணால் செரிக்க முடியாததை மண்ணில் விடாதீர்கள் என்பதுதான். தண்ணியே இல்லாவிட்டால் டேனரியும் ஓடாது என்பது முதலாளிகளுக்கும் தெரியும்.

போர்க்கடன் தீர்மானத்தை இன்றைக்கே பதிவேட்டில் எழுதும்படி செயலாளர் அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். சம்மதம் என்றால் எல்லாரும் கை தூக்குங்கள்.