கணக்கைக் காட்டு

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கிக் குமாஸ்தா. பாஸ்புக்கில் பத்து ரூபாய் குறைந்தால் கூலி வேலை செய்யும் பாட்டிகூட கவுன்ட்டரில் நின்று, ‘கணக்கைக் காட்டுப்பா’ங்குது. பிள்ளையின் நெற்றியில் எழுதும் எண்ணுக்கு மட்டும் நாம் கணக்குக் கேட்பதில்லை.

என் அக்கா மகனுக்கு எட்டு வயதில் பள்ளியில் ஒரு பரீட்சை வைத்தார்கள். ‘ஐக்யூ 68. இவனுக்கு இங்க ஏறாது, சிறப்புப் பள்ளிக்குக் கொண்டு போங்க’ என்றார் தலைமையாசிரியர். அக்கா அழுதுகொண்டே கையெழுத்துப் போடப் போனாள். நான் பேனாவைப் பிடுங்கினேன். எந்தப் பரீட்சை, எந்த மொழியில், யார் வைத்தது? எழுத்தில் கேட்டோம். கேள்விகள் இங்கிலீஷில், பையன் காய்ச்சலில் எழுந்த மறுநாள்.

1905இல் பாரிசில் பினே இந்த மாதிரிப் பரீட்சையைச் செய்தது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்று கண்டுபிடிக்க. பிள்ளையைத் தள்ளிவிட அல்ல. இன்றைய பரீட்சைகளில் சராசரி 100. 68 என்பது கல்வெட்டு அல்ல. ஐந்தாறு புள்ளி மேலேயும் போகும், கீழேயும் போகும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கலிபோர்னியாவில் 75க்குக் கீழே வாங்கிய பிள்ளைகளை ‘மந்தபுத்தி’ வகுப்பில் போட்டார்கள். அந்த வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகள் அவர்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சி நிரம்பியிருந்தார்கள். ‘உன்னைவிடச் சின்னப் பையன் சண்டைக்கு வந்தால் என்ன செய்வாய்?’ இது ஒரு கேள்வி. திருப்பி அடிக்கமாட்டேன் என்றால்தான் மார்க். அடிபடாமல் வாழவே போராடும் தெருவில் இதற்கு வேறு பதில் இருக்காதா? 1971இல் சான்பிரான்சிஸ்கோப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கறுப்பின உளவியலாளர்கள் அதே பிள்ளைகளுக்கு மறுபடி பரீட்சை வைத்தபோது 75ஐத் தாண்டினார்கள். 1979இல் நீதிபதி பெக்காம் அந்தப் பரீட்சைகள் பாரபட்சமானவை என்று தீர்ப்புச் சொன்னார்.

ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிழித்த கோட்டை வகுப்பறைக்குள் எண்ணால் கிழிக்க விடலாமா?

சட்டம் கையில் இருக்கு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 32: உள்ளூர் அதிகார அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், மூன்று மாதத்தில் முடிவு சொல்லணும். சொன்னது சரியில்லையா, மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு. குறைபாடு உண்டென்று சான்றிதழே வந்தாலும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 31, பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விடுகிறது. சிறப்புப் பள்ளி கேவலம்னு நான் சொல்லலை. தேவையென்றால் போகட்டும், துரத்தப்பட்டுப் போகக்கூடாது.

மருமகனுக்குத் தமிழில் மறுபரீட்சை வைக்கச் செய்தோம். 84. இப்போ அதே பள்ளியில் ஆறாவது. கணக்கில் இன்னும் தடுமாறுறான். சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லித்தருகிறேன். முதல் எண்ணைப் பார்த்த அன்றே பள்ளி செய்திருக்க வேண்டிய வேலை அது.

உங்கள் தெருவில் ஒரு தாய் கையெழுத்துப் போடப் போனால், பக்கத்தில் போய் நில்லுங்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.