பச்சைக் கோடு: ஒரு நகரம் இரண்டான கதை
(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

மத்தியதரைக் கடலில், துருக்கிக்குத் தெற்கே, ஸைப்ரஸ் என்ற தீவு இருக்கிறது. அதன் தலைநகரம் நிகோசியா. அன்னியப் படையைத் தடுக்க வெனிஸ் நாட்டார் 1567-ல் கட்டத் தொடங்கிய வட்டக் கோட்டைச் சுவர் அங்கே இன்றும் நிற்கிறது. ஆனால் ஊரை இரண்டாக வெட்டியிருப்பது அந்தச் சுவர் அல்ல. கடைத்தெருவுக்குக் குறுக்கே முள்கம்பியும், மணல் மூட்டையும், தகர டிரம்மும் அடுக்கிய வேறோர் எல்லை. அதை யார் போட்டது? எதற்காகப் போட்டது?

"மதம் வேறு, பாஷை வேறு, ஆகவே பிரிந்தார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இது உண்மையா? அங்கே பெரும்பான்மையோர் கிரேக்கர். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் துருக்கியர். 1948-ல் அமெரிக்கக் கம்பெனியின் தாமிரச் சுரங்கத்தில் இந்த இரு சாராரும் தோளோடு தோள் நின்று மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பசியும் ஒன்று, போலீஸ் தடியும் ஒன்று. அன்று பாஷை குறுக்கே நிற்கவில்லை.

பிறகு நடந்தது என்ன? 1878 முதல் தீவை ஆண்டவன் வெள்ளைக்காரன். 1955-ல் கிரீஸுடன் சேர வேண்டும் என்று கோரிய ஈயோக்கா என்ற அமைப்பு ஆயுதம் எடுத்தது. சர்க்கார் துருக்கியரைத் துணைப் போலீசில் சேர்த்துக் கிரேக்கர் மீது ஏவியது. அதே ஆண்டு டிசம்பரில், இரு இன உழைப்பாளிகளும் இருந்த அக்கேல் கட்சியைத் தடை செய்தது. தீவைப் பிரிக்கக் கோரி டி.எம்.டி. என்ற துருக்கிய இரகசியக் கும்பலும் கிளம்பிற்று.

1958-ஐ மறக்கக் கூடாது, தோழர்களே! பொதுச் சங்கத்தில் இருந்த துருக்கியத் தொழிலாளர்களை அந்தக் கும்பல் மிரட்டியது, சிலரைக் கொன்றது. உயிருக்கு அஞ்சிப் பலர், "நான் அந்தச் சங்கத்தில் இல்லை" என்று பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார்கள். ஈயோக்காவும் தன் பங்குக்கு இடதுசாரிக் கிரேக்கர்களைக் கொன்றது. கோடு முதலில் தெருவில் விழவில்லை, சங்கத்தில் விழுந்தது. தெருவில் விழுந்தது பிற்பாடுதான்.

1960-ல் சுதந்திரம் வந்தது. 1963 டிசம்பரில் கலகம் மூண்டது. பிரிட்டிஷ் ஜெனரல் பீட்டர் யங் நகரப் படத்தை விரித்துப் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பச்சைக் கோடு என்ற பெயர் அப்படி வந்தது. 1964-ல் ஐ.நா. படை வந்தது. அதற்குத் தலைமை தாங்கிய நம் நாட்டு ஜெனரல் திம்மையா 1965 டிசம்பரில் அங்கேயே காலமானார்.

அந்த 1965-லேயே, ஏப்ரல் 11-ம் தேதி, துருக்கியத் தோழர் கவாசோக்லுவும் கிரேக்கத் தோழர் மிசியாவுலிசும் ஒரே காரில் சென்றபோது பதுங்கியிருந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். இருவரும் தொழிற்சங்க ஊழியர்கள். ஒன்றாகப் பிரயாணம் செய்ததே அவர்கள் குற்றம்!

1974 ஜூலை 15-ல் கிரீஸின் இராணுவ ஆட்சியாளர் தீவில் கவிழ்ப்பு நடத்தினர். ஜூலை 20-ல் துருக்கிப் படை இறங்கித் தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டது. 1,50,000-க்கு மேற்பட்ட கிரேக்கர் தெற்கே ஓடினர். 40,000-க்கு மேற்பட்ட துருக்கியர் வடக்கே போயினர். இரு கலகங்களிலும் காணாமற்போனோர் பட்டியலில் 2,002 பெயர்கள்: கிரேக்கர் 1,510, துருக்கியர் 492. கோடு சுமார் 180 கிலோமீட்டர் எல்லையாக நீண்டது. நிகோசியாவின் சந்துகளில் அதன் அகலம் சில இடங்களில் நாலைந்து கஜம்கூட இல்லை.

யாருக்கு லாபம்? சுரங்கத் தொழிலாளிக்கா, நிலத்தை விட்டு ஓடிய குடியானவனுக்கா? பிரிட்டன் 99 சதுர மைலில் தன் இராணுவத் தளங்களை இன்றும் வைத்திருக்கிறது!

ஆனால் வாழ்க்கை கோட்டுக்குக் கட்டுப்படுமா? ஊர்ச் சாக்கடைக்குக் கிரேக்கன் துருக்கியன் தெரியாது. 1978-ல் இரு பகுதி நகரத் தலைவர்களும் பேசி, பொதுவான சாக்கடைத் திட்டத்துக்கு உடன்பட்டார்கள். மேலே சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். பூமிக்கடியில் குழாய் எல்லையைத் தாண்டிப் போயிற்று!

2003 ஏப்ரலில் முதல் வழி திறந்தது. பிரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் விடுபட்ட வீடுகளைப் பார்க்கப் போனார்கள். 2008-ல் லெட்ரா கடைத்தெருவும் திறந்தது. ஆனால் 2004 வாக்கெடுப்பில் இணைப்புத் திட்டத்தைத் துருக்கியர் ஏற்றனர், கிரேக்கர் மறுத்தனர். சிப்பாய்கள் இன்னும் போகவில்லை. அந்த இடைவெளி மண்ணிலேயே இருபுறத்துச் சங்கங்களும் மே தினம் கொண்டாடியிருக்கின்றன.

தோழர்களே! பென்சில் கோட்டை இழுக்க ஒரு நிமிஷம் போதும். அழிக்க அறுபது ஆண்டுகள் போதவில்லை. ஆகவே நம் சங்கத்தில் எவனாவது "அவன் வேறு, நீ வேறு" என்று காதில் ஓதினால், அவன் சட்டைப்பையில் பென்சில் இருக்கிறது என்று அறிந்துகொள்வோம். கோடு விழுமுன் கையைப் பிடிப்போம்!