பைக்குள் வளரும் மண்



மொட்டை மாடியில் கத்தரியும் தக்காளியும் வளர்ப்பவர்கள் இன்று தமிழ்நாட்டில் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். 2013-14 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் அரசு மானிய விலையில் மாடித்தோட்டப் பொருள்களைக் கொடுக்கத் தொடங்கியதும் பலரை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் பருவம் பெரும்பாலும் கை கொடுக்கும். வெண்டை காய்க்கும், கீரை தழைக்கும், அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து மகிழ்வார்கள். இரண்டாம் பருவத்தில் செடி குட்டையாக நிற்கும், இலை வெளுக்கும். அதற்கடுத்த பருவத்தில் பைகள் மாடி ஓரத்தில் அடுக்கிக் கிடக்கும். "நமக்குக் கைராசி இல்லை" என்று மனம் தளர்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கைராசியில் குறையே இல்லை. பையில் இருந்த சத்தை முதல் பயிர் எடுத்துக்கொண்டது. எடுத்ததைத் திரும்பச் சேர்க்கும் உயிர்கள் அந்தப் பைக்குள் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

பைக்குள் அந்த உயிர்களைக் குடியேற்றி, ஆண்டுக்கணக்கில் அதே மண்ணிலேயே விளைய வைப்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அதிகச் செலவில்லாமல் இதை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடையில் இதற்கென்று விற்கும் பொட்டலங்களைப் பார்த்துவிட்டு, இது வசதி உள்ளவர்கள் வேலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

நல்ல மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கும். கூடவே பூஞ்சாண இழைகள், ஒருசெல் உயிரிகள், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள். நாம் போடும் பிண்ணாக்கையும் எருவையும் செடியின் வேர் அப்படியே உறிஞ்சிக்கொள்வதில்லை. பாக்டீரியாவும் பூஞ்சாணமும் முதலில் அவற்றைச் சிதைக்கின்றன. ஒருசெல் உயிரிகளும் நூற்புழுக்களும் அந்தப் பாக்டீரியாக்களைத் தின்று, மிச்சமான நைட்ரஜனைக் கழிவாக வெளியே விடுகின்றன. வேர் எடுத்துக்கொள்வது அதைத்தான். செடியும் சும்மா இருப்பதில்லை. இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாகக் கசியவிட்டு இந்தக் கூட்டத்தை வளர்க்கிறது. மழை விழுந்ததும் எழும் மண்வாசனைகூட மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருளிலிருந்து வருவதுதான். பையைக் கிளறி முகர்ந்து பார்த்து அந்த வாசனை வந்தால், உள்ளே வேலை நடக்கிறது என்று தைரியமாக நம்பலாம். புளித்த நாற்றமோ முட்டை அழுகிய நாற்றமோ வந்தால் காற்றில்லாமல் மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று பொருள்.

இந்த அறிவு இன்று நேற்று வந்ததில்லை. டார்வின் 1881-இல் வெளியிட்ட தம் கடைசி நூலை மண்புழுக்களுக்கென்றே எழுதினார். ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் இருந்தபடி, பண்ணைக் கழிவை அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1931-இல் வந்தது. சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் நம் ஊர் மண்புழுக்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அதை உழவர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் கொண்டு சேர்த்தார். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மூடாக்கு போடுங்கள், மண்ணை வெறுமையாக விடாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். வயலுக்குச் சொன்னதையெல்லாம் பதினைந்து லிட்டர் பைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் மாடியில் இருப்பவர்களின் கேள்வி.

முதலில் தென்னை நார்க்கழிவு. இது நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் வரம். பொள்ளாச்சிப் பக்கம் கயிற்றுத் தொழிற்சாலைகளைச் சுற்றி ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாமல் மலையாகக் குவிந்து கிடந்தது. எடை குறைவு, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மாடிக்குப் பாரம் ஏறாது. அதனாலேயே பலர் பை முழுக்க இதையே நிரப்புகிறார்கள். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. நார்க்கழிவில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. ஒன்றுக்கு நூறுக்கும் மேல் என்ற விகிதம். இதை மக்க வைக்க முயலும் நுண்ணுயிர்கள் செடிக்கு வேண்டிய நைட்ரஜனையும் தாங்களே எடுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் வித்தையும் யூரியாவையும் சேர்த்து இதை மக்க வைக்கும் முறையைக் கொடுத்திருப்பது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். இயற்கை வழியில் போகிறவர்கள் யூரியாவுக்குப் பதில் சாணக் கரைசல் ஊற்றி, ஈரம் குறையாமல் சில மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று உப்பு. கட்டியாக வாங்கும் நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருக்கலாம். ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, மறுபடி ஊறவைத்து வடியுங்கள். கடைசித் தண்ணீரில் ஒரு கைப்பிடி ஜிப்சம் கலந்து ஓர் இரவு விட்டால், அதிலுள்ள கால்சியம் நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளி வெளியேற்றும். இலை நுனி கருகுகிறது என்று வருந்துகிறவர்கள் மருந்து தேடும் முன் இதைச் செய்தார்களா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மக்கு, அதாவது கழிவு மக்கி உருவாகும் உரம். கலவையின் உயிரே இதுதான். இதற்குப் பணம் கொடுக்கவும் தேவையில்லை. சமையலறைக் கழிவு ஒரு பங்கென்றால் காய்ந்த சருகு இரண்டு பங்கு. பக்கவாட்டில் துளையிட்ட பழைய பெயிண்ட் டப்பாவோ, உடைந்த மண்பானையோ போதும். அடியில் சருகு, மேலே காய்கறித் தோல், அதன் மேல் மறுபடி சருகு. இரண்டு பிடி பழைய மக்கைத் தூவினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் புதிய குவியலில் பரவிவிடும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது, சருகைக் கூட்டுங்கள். வேலை நடக்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிவதைப் பார்த்து டப்பாவையே வெளியே கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் குளவி போலத் தெரியும் ஒரு கறுப்பு ஈயின் புழுக்கள். நோய் பரப்புவதில்லை, கழிவை வெகு வேகமாகத் தின்று தீர்ப்பவை. அவற்றை விட்டுவிடுங்கள். எண்ணெயும் உப்பும் சேர்ந்த சமைத்த மிச்சத்தை மட்டும் போடாதீர்கள்.

சருகைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மாசி, பங்குனியில் வேம்பும் அரசும் இலை கொட்டும்போது தெருவெல்லாம் சருகு. கூட்டிக் குவித்துத் தீ வைத்துக் கொளுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஒரு மாடிக்கு ஓர் ஆண்டுக்கு வேண்டிய மண் அங்கே புகையாகப் போகிறது.

இப்போது கலவை. செம்மண் இரண்டு கூடை, கழுவிய நார்க்கழிவு இரண்டு கூடை, மக்கோ மண்புழு உரமோ இரண்டு கூடை, அரிசி ஆலையில் கிடைக்கும் உமிக்கரி அரைக் கூடை. நூறு லிட்டர் கலவைக்கு வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை, எலும்புத் தூள் அதில் பாதி. மாட்டுச்சாணம் சேர்ப்பதானால் நன்றாக மக்கியதாக இருக்கட்டும். பிண்ணாக்கை அள்ளிப் போட்டால் நிறைய விளையும் என்று எண்ணுவது தவறு. அது மக்கும்போது சூடேறும், அமோனியா கிளம்பும், இளம் வேர் வெந்துபோகும். செம்மண்ணை முழுக்க விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். பாரம் தாங்காத பழைய கட்டடமானால் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சத்தைப் பிடித்து வைக்கும் களித்துகளும் தாதுவும் மண்ணில்தான் இருக்கின்றன. கொஞ்சமாவது வேண்டும். கடற்கரை மணலை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது.

கலந்ததும் தண்ணீர் தெளித்துப் பிசிற வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறுகிற அதே பதம்: பிடித்தால் பிடி நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அப்படியே நிழலில் குவித்து, ஈரச் சாக்கைப் போர்த்தி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். நடுவில் ஓரிரு முறை புரட்டிப் போடுங்கள். இந்தக் காத்திருப்பில்தான் கலவை மண்ணாக மாறுகிறது. அவசரப்பட்டு அன்றே நாற்று நடுகிறவர்கள் தங்கள் உழைப்பின் பெரும் பங்கை இழக்கிறார்கள்.

பையை நிரப்பும்போது அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மை நேர்மாறானது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நிறைந்து தளும்பிய பிறகே இறங்கும். அதனால் சேறு கட்டும் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளையை மறைக்க ஒரே ஒரு சில்லு போதும். மீதி இடம் முழுவதும் மண்ணுக்கே.

செடி வளர்ந்த பிறகு செய்ய வேண்டியவை குறைவு. சருகாலோ காய்ந்த புல்லாலோ இரண்டு விரற்கடைக்கு மூடாக்கு. சித்திரை வெயிலில் மூடாக்கில்லாத பையைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தச் சூட்டில் மேல் மண்ணில் பெரும்பாலான உயிர்கள் வேலை செய்யாது. பருவம் முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் தண்டை அடியில் வெட்டுங்கள். வேர் உள்ளேயே மக்கி, காற்றும் நீரும் போகும் வழியாகும். பயறு வகை அல்லாத செடியின் வேரில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு: அது வேரைத் தாக்கும் வேறு வகை நூற்புழுவின் வேலை. அந்த வேரை முழுக்க எடுத்துவிட்டு, வேப்பம் பிண்ணாக்கு சேர்த்து, அடுத்த பருவம் அந்தப் பையில் துலுக்கச் சாமந்தி நடுங்கள். நல்ல பையானால் மேலே இரண்டு பிடி மக்கு, ஒரு சிட்டிகை பிண்ணாக்கு போட்டு அடுத்த நாற்றை நடலாம். நடுவில் இடைவெளி கிடைத்தால் தட்டைப்பயறும் கொள்ளும் தூவிவிட்டு, பூக்கும் முன் அறுத்து அந்த இடத்திலேயே பரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெறும் பை நனைந்தால் நைட்ரஜன் கரைந்து மாடிக் குழாய் வழியே ஓடிவிடும். பயிரோ மூடாக்கோ ஏதாவது ஒன்று அப்போது மேலே இருந்தாக வேண்டும்.

கரைசல்களைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யமும், மீனும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் மீன் அமிலமும் மதிப்புள்ளவைதான். பத்து லிட்டர் தண்ணீருக்கு முன்னூறு மில்லி பஞ்சகவ்யம் தெளித்தால் செடியில் தெளிவு தெரிகிறது. ஆனால் பையில் மக்கே இல்லாமல் வாரத்துக்கொரு கரைசல் ஊற்றுவதால் பயனில்லை. நுண்ணுயிர்களை ஊற்றினால் போதாது, அவை தின்ன உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். முதலில் மக்கு, பிறகு மூடாக்கு, கடைசியாகத்தான் கரைசல். கையில் காசு குறைவாக இருப்பவர்கள் மூன்றாவதை விட்டுவிடலாம். விளைச்சல் பெரிதாகக் குறைந்துவிடாது.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. சிறிய பையில் உயிர் மண் நிலைப்பது கடினம். வேகமாகச் சூடேறி வேகமாகக் காய்ந்துவிடும். பத்துச் சிறிய பைகளுக்குப் பதில் மூன்று பெரிய தொட்டிகள் வைப்பதே நல்லது. அவற்றையும் நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றுக்குக் கிடைக்கும். நனைந்த மண் கனமானது. உத்தரமும் சுவரும் தாங்கும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். இரசாயன உரத்தைப் போல மூன்றே நாளில் இலை பச்சை கட்டாது. முதல் ஆண்டு விளைச்சல் நடுத்தரமாகத்தான் இருக்கும். இரண்டாம் ஆண்டு கூடும். மூன்றாம் ஆண்டில் மண்ணைக் கையில் எடுத்தாலே வேறுபாடு தெரியும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், மாடித் தோட்டத்தில் பழையதைக் கொட்டிப் புதியதை வாங்குவதுதான் பெரிய செலவு. அந்தச் செலவை இந்த முறை நிறுத்துகிறது. எங்கோ ஒரு நிலத்தைத் தோண்டி லாரியில் ஏற்றி வரும் செம்மண்ணை ஒரு பருவத்துக்குப் பயன்படுத்திவிட்டு வீசுவது நியாயமும் இல்லை. ஆகவே மாடி ஓரத்தில் பழைய பைகள் கிடந்தால் அவற்றைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள். கொட்டி, உதிர்த்து, மேலே சொன்னபடி மக்கு சேர்த்துக் குவியுங்கள். மாசி, பங்குனியில் தெருவில் விழும் சருகை இரண்டு சாக்கு சேர்த்து மக்கப் போட்டால், ஆடிப்பட்டத்து விதைப்புக்கு மண் தயாராக இருக்கும்.