யாருடைய முதுகில் நிற்கிறது நீடித்த விவசாயம்?

(விவசாயத் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீடித்த விவசாயம் பற்றி இன்றைக்கு நிறையப் பேசுகிறார்கள். மண் கெடக்கூடாது, தண்ணீர் கெடக்கூடாது, மண்புழு சாகக்கூடாது என்கிறார்கள். சரி, யாரு வேணாம்னது? ஆனா அந்த மண்ணுல காலையிலேர்ந்து குனிஞ்சு கிடக்கிற முதுகு எத்தனை வருஷம் நீடிக்கும்? இதை யாரும் கேட்பதில்லை. ஏன்னா அது பெரும்பாலும் சேரிப் பெண்ணோட முதுகு.

உழைப்பவரின் உடலுக்கு ஏற்றபடி கருவியையும் வேலைமுறையையும் அமைக்கும் அறிவியலுக்குப் பணிச்சூழலியல் என்று பெயர். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவரின் நாற்காலிக்கு இந்த அறிவியல் வந்துவிட்டது. களை எடுக்கிறவளுக்கு வரவில்லை. இதில் அறிவியலைவிட அதிகாரம்தான் பெரிய விஷயம். எப்படி என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே லெட்டூஸ் கீரை, சர்க்கரைக் கிழங்கு வயல்களில் பயிர் கலைக்கவும் களை எடுக்கவும் ஒரு குட்டைப் பிடிக் கொத்து இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். அவர்கள் அதை ஸ்பானிய மொழியில் 'எல் கொர்த்தித்தோ' என்றார்கள். குட்டையன் என்று அர்த்தம். அதைப் பிடித்தால் இடுப்பை மடக்கித்தான் நாள் முழுக்க நகர வேண்டும். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை போன்ற தட்டுகள் நசுங்கித் தேயும். சிறு வயதிலேயே முதுகு போய்விடும். விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸும் அந்தக் கொத்தைப் பிடித்து வேலை செய்தவர். பிற்காலத்தில் முதுகுவலியில் அவதிப்பட்டவர்.

நீளப் பிடி போட்டா என்ன? பயிர் சேதமாகும் என்றார்கள் முதலாளிகள். ஆனா மேஸ்திரிக்கு வேற ஒரு வசதி இருந்துச்சு. எல்லாரும் குனிஞ்சிருக்கும்போது ஒருத்தர் நிமிர்ந்தா, தூரத்திலிருந்தே தெரிஞ்சுடும். நிமிர்வது குற்றம். ஆண்டை எதிரில் நிமிர்ந்து நடக்கக்கூடாது, தோளில் துண்டு போடக்கூடாது என்றிருந்த நம்ம ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1972இல் தொழிலாளர்கள் அரசின் தொழில் பாதுகாப்புத் துறையிடம் மனு கொடுத்தார்கள். கருவி உடைந்திருந்தால்தான் ஆபத்தான கருவி என்று துறை மறுத்தது. வழக்கு மேலே போனது. டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். 1975 ஜனவரியில் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் கார்மோனா வழக்கில் தொழிலாளர் பக்கம் நின்றது. நல்ல நிலையில் இருக்கும் கருவியும், அதைப் பயன்படுத்தும் விதத்தால் உடலைக் கெடுத்தால், ஆபத்தான கருவிதான் என்றது. அதே வருஷம் குட்டைப் பிடி தடை செய்யப்பட்டது. விவசாயம் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

இதோடு முடியலை. கொத்துக்குத்தானே தடை, கையால பிடுங்குன்னாங்க. பழையபடி குனிய வேண்டியதாயிற்று. அதனால் 2004இல் கைக்களை எடுப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஆனால் அதில் இயற்கை வேளாண் பண்ணைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள்! களைக்கொல்லி அடிக்காத இடத்தில் கையால்தான் எடுத்தாக வேண்டும் என்பது காரணம். மண்ணைக் காப்பாற்றும் செலவு தொழிலாளியின் முதுகில் ஏற்றப்பட்டது. நாம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

இங்கேயும் இயற்கை விவசாயம் பேசுகிறோம். களைக்கொல்லி வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த விஷத்தைச் சுமப்பதும் நம் ஆட்கள்தான். அப்படியானால் களையை யார் எடுப்பது, எதை வைத்து எடுப்பது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். வழி இல்லாமல் இல்லை. ஒற்றை நாற்று நடவில் 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுச் சதுரமாக நடுகிறார்கள். வரிசைக்கு நடுவே உருளும் களைக்கருவியை நின்றபடியே தள்ளலாம். ஆனால் கருவி வந்ததும் பல இடங்களில் அது ஆணின் கைக்குப் போகிறது, குனிந்து நடுவது மட்டும் பெண்ணுக்கு மிஞ்சுகிறது. கருவி வந்தா பத்து நாள் வேலை நாலு நாளாயிடுமேன்னு நம்ம பெண்கள் பயப்படுறாங்க. அந்தப் பயம் நியாயமானது. கூலிக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் நல்ல கருவியும் வயிற்றில் அடிக்கும்.

ஆகவே தோழர்களே, கூலியையும் நிலத்தையும் கேட்கும் நம் கோரிக்கைகளில் கருவியும் சேர வேண்டும். கைப்பிடியின் உயரமும் கருவியின் எடையும் அதைத் தள்ளப்போகும் பெண்ணைக் கேட்டு முடிவாக வேண்டும். கருவி அந்தப் பெண்கள் குழுவின் சொத்தாக இருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடிந்தது என்று கூலியைக் குறைக்கக்கூடாது. மாணவத் தோழர்கள் களத்துக்குப் போங்கள். எந்த வேலையில் எவ்வளவு நேரம் குனிகிறார்கள், எந்த வயதில் வலி ஆரம்பித்தது என்று கேட்டு எழுதுங்கள். கலிபோர்னியாவில் டாக்டர்களின் சாட்சி உதவியது. இங்கே அந்தச் சாட்சியங்களை நாம்தான் திரட்ட வேண்டும்.