இல்லை என்பதை எழுதி வாங்குங்கள்

(தலித் மாணவர்கள், களப்பணியாளர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீடு பற்றிப் பேசச் சொன்னார்கள். சேரிக்கு வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் இல்லை. 1968-இல் வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 2012-இல் தர்மபுரி நத்தம் காலனியில் காரை வீடுகளைக் கொளுத்தினார்கள். குடிசையில் கிடந்தாலும் எரிக்கிறான், மெத்தை கட்டினாலும் எரிக்கிறான். ஆக, வீடு அரசியல்தான். ஆனா அந்த அரசியல் கொடி பிடிக்கிற இடத்தில் மட்டும் நடப்பதில்லை. யூனியன் ஆபீஸ் மேசையிலயும் நடக்குது, வட்டிக்கடைத் திண்ணையிலயும் நடக்குது. அந்த இரண்டு இடத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் மேசை.

தொகுப்பு வீடு கேட்டுப் போகிற நம்ம ஜனங்களுக்குப் பெரும்பாலும் வாயால்தான் பதில் கிடைக்கும். மூணு பதில் உண்டு. ‘லிஸ்ட்ல உன் பேர் இல்ல.’ ‘பட்டா இல்ல.’ ‘உங்க குடும்பத்துக்கு ஏற்கனவே வீடு குடுத்தாச்சு.’ கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

‘லிஸ்ட்’ என்பது யாரோ ஒருவர் பையில் வைத்திருக்கும் ரகசியச் சீட்டு அல்ல. 2016-இல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தின் முதல் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் விடுபட்டவர்களுக்காக 2018-இலும் 2024-இலும் தனிக் கணக்கெடுப்புகள் அறிவிக்கப்பட்டன. பட்டியலைக் கிராமசபையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பெயரை நீக்கினால் காரணம் பதிய வேண்டும். நீக்கியது தவறு என்றால் மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்யலாம். திட்டத்தின் ஒதுக்கீட்டில் 60 விழுக்காடு தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் என்பது விதி. இதெல்லாம் அவர்கள் கொடுக்கிற சலுகை இல்லை. அவர்களே எழுதி வைத்திருப்பது.

அப்ப நாம செய்ய வேண்டியது என்ன? வாயால் சொன்னதை ஏற்கக் கூடாது. மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது. 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் வீடு தரவில்லை’ என்று கேட்காதீர்கள், நழுவி விடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள்: எங்கள் ஊராட்சியின் முன்னுரிமைப் பட்டியல் நகல், அதில் என் வரிசை எண், பெயரை நீக்கியிருந்தால் பதிவான காரணம், எந்தத் தேதிக் கிராமசபையின் தீர்மானம். ‘இல்லை’ என்பது காகிதத்தில் வந்துவிட்டால் அது எதிர்த்துப் பேசக்கூடிய ‘இல்லை’ ஆகிறது. வாயால் சொன்ன ‘இல்லை’யை எங்கே போய் எதிர்ப்பது?

அடுத்து, பட்டா. பட்டா இல்லை என்பதை நம்ம குற்றம் மாதிரியே சொல்வார்கள். 1892-இல் பஞ்சமர்க்கென்று ஒதுக்கிய நிலம் எவர் கையில் இருக்கிறது? பண்ணையார் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கி 1971-இல் சட்டம் வந்தது. நம் மக்களின் வீட்டுமனைக்கு நிலம் கையகப்படுத்த 1978-இல் தனிச் சட்டம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவனுக்குப் பட்டா இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவன் அவனா? பட்டா இல்லை என்று எழுதித் தந்தால், அதே தாளை இணைத்து வட்டாட்சியருக்கும் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியருக்கும் மனை மனு போட வேண்டும்.

மூன்றாவது, ‘ஏற்கனவே குடுத்தாச்சு.’ அப்பனுக்கு எண்பதுகளில் கொடுத்த வீட்டைக் கல்யாணமாகித் தனிச் சமையல் செய்கிற மகன் கணக்கிலும் எழுதுவது. அந்த வீட்டுத் தளத்தில் கம்பி துருத்திக்கொண்டு நிற்கும், சிமெண்ட் பெயர்ந்து தொட்டிலில் விழும். ஆனாலும் தாளில் அது காரை வீடு! இங்கே கேட்க வேண்டியது இரண்டு. மகன் குடும்பம் தனிக் குடும்பம் என்பதற்குக் குடும்ப அட்டை ஆதாரம். பழைய வீடு குடியிருக்க லாயக்கில்லை என்பதற்குப் படமும் பொறியாளர் ஆய்வும். பழைய அரசு வீடுகளைப் பழுது பார்க்க 2024-இல் மாநில அரசு தனித் திட்டம் அறிவித்ததையும் சொல்லிக் கேளுங்கள்.

இனி, திண்ணை. வீடு கிடைத்தவர்களின் கதை இது.

மத்திய திட்டத்தில் சமவெளிப் பகுதி வீட்டுக்கு 1,20,000 ரூபாய். தளம் போட மாநில அரசு தந்த தொகையை 2020-இல் 1,20,000 ஆக உயர்த்தினார்கள். ஆக 2,40,000. 2024-இல் வந்த கலைஞர் கனவு இல்லத்தில் 3,50,000. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் பணம் முன்னாடி வராது. பேஸ்மெண்ட், லிண்டல், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து, ஓவர்சியர் பார்த்துப் படம் எடுத்த பிறகுதான் பில். கையில் காசில்லாதவனுக்கென்று போட்ட திட்டம், முதலில் நீ காசு போடு என்கிறது. அங்கேதான் வட்டிக்காரன் உள்ளே வருகிறான்.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டுக்கு 4,00,000 ஆகிறது, 2,40,000 அரசுப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டு விழுவது 1,60,000. மூணு வட்டிக்கு வாங்கினால் மாசம் 4,800. மூன்று வருசத்தில் வட்டி மட்டும் 1,72,800. அசலைத் தாண்டிவிட்டது, அசல் அப்படியே நிற்கிறது. இதே தொகை ஒரு வட்டிக்குக் கிடைத்தால் மூன்று வருசத்துக்கு 57,600. மூணு வட்டிக்காரனுக்கு ஒரே வருசத்தில் கட்டுவது அது.

தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று எழுதி 8,500 தருவான். தினம் 100 வீதம் நூறு நாள். ‘ஆயிரத்தைந்நூறுதானே’ என்று தோன்றும். ஆனா முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம். சராசரியாக நம் கையில் இருந்தது அதில் பாதிதான். அந்தப் பாதிக்கு நூறே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டி.

இதைவிடக் கொடுமை செங்கல் சூளை முன்பணம். வீடு கட்டச் செங்கல் வாங்கினவன், அந்தக் கடனுக்காகக் குடும்பத்தோடு செங்கல் அறுக்கப் போகிறான். புது வீடு பூட்டிக் கிடக்கிறது. கொத்தடிமை முறையை 1976-இல் சட்டம் ஒழித்தது. வீட்டுக் கடன் வழியாக அதைத் திரும்ப உள்ளே விடக் கூடாது.

அதனால் நாலு விஷயம் சொல்கிறேன். ஒன்று, கடன் வாங்கினால் ஒரு கட்டத்துக்கு மட்டும் வாங்குங்கள். அந்தப் பில் வந்ததும் அடைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். இரண்டு, கடக்கால் தோண்டும்போதே அளவை முடிவு செய்யுங்கள். மத்திய திட்டத்தின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. நீங்கள் அகலப்படுத்தினால் பில் அகலமாகாது. ஊரான் கண்ணு முன்னாடி பெரிய வீடு கட்டணும் என்கிற ஆசை நியாயமானது. நமக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்த ஊரானிடமே வட்டிக்கு வாங்கிக் கட்டினால் நிமிர்ந்த வீட்டுக்குள்ளே குனிந்த ஆள்தான் இருப்பான். பெரிய வீட்டை அரசாங்கத்திடம் கேட்டுப் போராடுவோம். மூன்று, எந்த வங்கிக் கணக்கில் பணம் விழும், அது உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கணக்கு செத்துக் கிடந்ததால் பில் திரும்பிப் போய்விட்டது என்று கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான்கு, எல்லாத் தாளுக்கும் நகல் எடுத்து வேறு ஊரில் ஒரு வீட்டில் வையுங்கள். நத்தத்தில் வீட்டோடு சேர்ந்து சான்றிதழ்களும் எரிந்தன.

அம்பேத்கர் 1923-இல் ரூபாயைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பணக் கணக்கு நமக்கு அந்நியமில்லை. மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். காலனியில் வீடு கேட்டவர் யார், என்ன பதில், யார் சொன்னது, எந்தத் தேதி. வீடு கட்டினவர் யார், கடன் எவ்வளவு, எத்தனை வட்டி என்று வீடு வீடாக எழுதுங்கள். அடுத்த கிராமசபை எந்த நாள் என்று பார்த்து, அந்த நோட்டோடு பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். அதை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். பதிய மாட்டோம் என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.