கண்ணைக் கவரும் நீரழுத்தம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுவோரே மிகுதி. நானோ மருத்துவனும் அல்லேன், புலவனும் அல்லேன்; ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா. எனினும் கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோயைப் பற்றிப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. அந்நோய் எனக்கு இருக்கிறது. என் தமையனாரின் இடக்கண்ணை அது ஏறக்குறைய முழுவதும் கொண்டுபோய்விட்டது.

ஊரில் இருக்கும் தமையனார் சில ஆண்டுகளாகவே இடப்புறத்துப் பொருள்களைத் தட்டிவிடுவார். காப்பித் தம்ளர் கவிழும். கதவு நிலையில் தோள் இடிக்கும். கவனக்குறைவு என்று அண்ணியார் கடிந்துகொள்வார். கண்புரையாக இருக்கும் என்று தாமே முடிவுகட்டி, "நன்றாக முற்றட்டும், பிறகு அறுத்துக்கொள்ளலாம்" என்று இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். முடிவில் சோதித்த மருத்துவர், புரை சிறிதளவே என்றும், பட்டுப்போனது பார்வை நரம்பு என்றும் கூறினார். புரையால் மங்கிய பார்வை அறுவை செய்தால் மீளும். நரம்பு பட்டு இழந்த பார்வை எந்த மருந்தாலும் மீளாது. இந்த ஒரு வேறுபாட்டை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

கண்ணினுள் தெளிந்த நீர் ஒன்று இடையறாது ஊறிக்கொண்டிருக்கிறது. இது கண்ணீர் அன்று. வெளியே வருவதும் அன்று. கருவிழியின் ஓரத்தில் சல்லடை போன்ற ஒரு வடிகால் வழியே அது வடிகிறது. வடிகால் தூர்ந்தால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பு என்பர். அழுத்தம் மிகுந்தால் கண்ணின் பின்புறத்துப் பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக மடிகின்றன. அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுவோர் உண்டு; ஆகவே அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது, நரம்பையும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலோர்க்கு வலியில்லை, சிவப்பில்லை. பார்வை ஓரங்களிலிருந்து குறைந்து வருகிறது. நடுப்பார்வை கடைசி வரை நிற்கிறது. "எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டேன், எனக்கு என்ன குறை?" என்று நம் ரயில்வேக்காரர் பலர் கேட்பர். பலகை நடுப்பார்வையைத்தான் அளக்கும். தென் தமிழ்நாட்டின் மூன்று மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையார் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயின் முதன்மை வகை கண்டறியப்பட்டோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்கு அது இருப்பதையே அதற்குமுன் அறியாதவர்கள்.

இன்னொரு வகை ஓசையோடு வரும். திடீரென்று கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி எடுத்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தோன்றும். பெண்களுக்கு இது மிகுதி. பித்தம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருந்தால் சில நாள்களிலேயே கண் போய்விடும்.

1857-இல் ஜெர்மானிய மருத்துவர் கிராஃபே இந்தத் திடீர் வகைக்கு அறுவை முறை ஒன்றைக் கண்டார். நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. 1819-இல் தோன்றிய சென்னை அரசினர் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த எலியட் என்னும் ஆங்கிலேயர், கருவிழியோரத்தில் நுண்துளையிட்டு நீரை வடியச் செய்யும் முறையை 1909-இல் வெளியிட்டார். உலகெங்கும் பல்லாண்டுகள் அது கையாளப்பட்டது. 1968-இல் வந்த கெய்ர்ன்ஸ் முறையே அதன் இடத்தைப் பெரிதும் பிடித்தது.

எனினும் இன்று எல்லாரும் கத்திக்குப் போக வேண்டியதில்லை. சொட்டு மருந்து, லேசர், அறுவை என மூன்று வழிகள் உள்ளன. மூன்றும் அழுத்தத்தைக் குறைத்து எஞ்சியதைக் காப்பனவே. இங்கிலாந்தில் 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதலிலேயே லேசர் செய்துகொண்டோருள் ஏறத்தாழ நால்வரில் மூவர்க்கு மூன்றாண்டு வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. ஆஸ்துமா உள்ளவர் அதை மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். சில சொட்டுகள் மூச்சைப் பாதிக்கும். கண் அரிப்புக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பல மாதங்கள் விடும் ஸ்டீராய்டு சொட்டு இந்நோயைத் தானே உண்டாக்க வல்லது. நம் காலனிப் பிள்ளைகளுக்கு அதை விடும் வழக்கம் எனக்கு அச்சம் தருகிறது.

என் கதைக்கு வருகிறேன். தமையனாரைச் சோதித்த மருத்துவர், "உடன்பிறந்தவர்கள் உண்டா?" என்று முதலில் கேட்டார். அப்படித்தான் நான் சென்றேன். அழுத்தம் 26. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிண்ணம் போன்ற பொறியினுள் பார்த்து, ஒளிப்புள்ளி தோன்றுந்தோறும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நெடுநேரம் ஒன்றும் தோன்றாதிருக்கவே, பொறி பழுது என்று எண்ணினேன். பழுது என் கண்ணில் இருந்தது.

இரவுதோறும் ஒரு சொட்டு. விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். திறந்த குப்பியை ஒரு மாதத்திற்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது. இவ்வளவு அறிந்த நானே, ஊர்த் திருமணத்திற்குச் சென்றபோது நாற்பது நாள் மருந்தை நிறுத்திவிட்டேன். விட்டாலும் பார்வை கூடவில்லை. நிறுத்தினாலும் குறைந்ததாகத் தெரியவில்லை. இந்நோயின் வஞ்சனை அதுவே. திரும்பி வந்து சோதித்தபோது அழுத்தம் பழையபடி ஏறியிருந்தது. இப்போது என் மகள் உறங்கப் போகுமுன் குப்பியை என் முன் வைத்துவிட்டுத்தான் போகிறாள்.

நாற்பதைக் கடந்தோர், சர்க்கரை நோய் உடையோர், தாய் தந்தையர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருப்போர், கண்ணழுத்தமும் நரம்பும் சேர்த்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். என் தங்கை இன்னும் போகவில்லை. கண் நன்றாகத் தெரிகிறது என்கிறாள். கோடை விடுமுறைக்கு அவள் இங்கே வருகிறாள். அவள் பெயருக்கு மருத்துவரிடம் நாள் வாங்கி வைத்துவிட்டேன்.